பழைய இரும்பு லாஞ்சு: வெட்டி மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா, கரையில் நிறுத்துவதா?

நாங்கள் வாங்கிய பழைய லாஞ்சு (எஞ்சினில் ஓடும் சிறு படகு) வந்து இறங்கிய அன்றைக்கே வீட்டில் ஆளுக்கொரு கருத்து. துறைமுகத்தில் 31 வருடம் லாஞ்சு ஓட்டிய அப்பாவுக்கு அது மறுபடியும் தண்ணீரில் ஓட வேண்டும். சித்தப்பாவுக்கு ஓட்டையை அடைத்து இரண்டு வருடம் ஓட்டினால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அதைத் தென்னை மரத்தடியில் நிறுத்திப் பிள்ளைகள் படிக்க ஓர் அறையாக்கிவிட ஆசை. என் மனைவி, "காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டு, மேல கொஞ்சம் காசு சேர்த்து ஒரு ஃபைபர் படகு வாங்கிடலாமே" என்றாள். நான்கிலும் நியாயம் இருந்தது. எது எங்களுக்குச் சரி என்று தெரிய ஏழு மாதம் ஆனது. இதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த ஏழு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது 8.5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். அடித்தகடு 5 மில்லிமீட்டர், பக்கமும் மேல்தளமும் 4 மில்லிமீட்டர். எண்ணூர் கழிமுகத்தில் சேற்றில் சாய்ந்து கிடந்ததை வாங்கி, மீஞ்சூருக்கு அருகே அப்பாவின் பங்கு நிலத்தில் நிறுத்தியிருக்கிறோம். அகலம் 2.6 மீட்டருக்குள் இருந்ததால் சாலையில் தனி அனுமதி இல்லாமல் டிரெய்லரில் வந்துவிட்டது. பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் முதலில் டேப் வைத்து அளக்க வேண்டியது அகலத்தைத்தான். அதற்கு மேல் போனால் கிரேன், லாரி, அனுமதி என்று படகின் விலையை ஏற்றுகூலியே தாண்டிவிடும்.

கண் சொல்வதை நம்பாதீர்கள்

லாஞ்சைப் பார்த்தவர்கள் எல்லோரும் முகம் சுளித்தார்கள். பக்கத் தகடு முழுக்கச் செதில் செதிலாகத் துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், நீர்மட்டக் கோட்டை ஒட்டிக் கறுப்புப் பட்டையாக உறைந்திருந்தது. அதற்குக் கீழே கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) அப்பியிருந்தது. அன்று கண்ணால் பார்த்து முடிவெடுத்திருந்தால் என் மனைவி சொன்னதுபோல எடைக்குத்தான் போட்டிருப்போம்.

துருவுக்கு ஒரு குணம் உண்டு. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாக உப்பிக் காட்டும். விரல் தடிமனுக்குச் செதில் உரிந்து விழுந்தாலும் உள்ளே போன இரும்பு அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். பாதுகாப்பில்லாத இரும்பு கடல்நீரில் முழுகிக் கிடந்தால் சராசரியாக வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் கரையும். நீர்மட்டத்தை ஒட்டி அலை தெறிக்கும் இடத்தில் அதைவிட வேகமாகப் போகும். ஆனால் இரும்புப் படகைக் கொல்வது பெரும்பாலும் வெளித்துரு அல்ல, உட்துரு. எஞ்சினுக்கு அடியில், பிரேமுக்கும் (தகட்டை உள்ளிருந்து தாங்கும் இரும்பு விலா) தகட்டுக்கும் நடுவிலுள்ள மூலையில், தண்ணீர் வடியும் துளையை எண்ணெய்ச் சேறு அடைத்துக்கொண்ட இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல் வருடக்கணக்காகத் தேங்கும் நீர்தான் தகட்டை முடிக்கிறது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதல் செலவு தடிமன் அளப்பதற்கு இருக்கட்டும். அல்ட்ராசோனிக் கருவி கையடக்கமானது. தகட்டின் ஒரு பக்கத்தில் வைத்தாலே போதும், ஒலி மறுபக்கம் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிமனைச் சொல்லிவிடும். பெயிண்டையும் துருவையும் சுரண்டி வெறும் இரும்பின் மேல் வைக்க வேண்டும். சாதாரணக் கருவி பெயிண்டையும் சேர்த்து அளந்து, உள்ளதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

அடித்தகட்டில் 30 சென்டிமீட்டர் சதுரங்களாகச் சாக்பீஸால் கட்டம் போட்டோம். 220 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ரூபாய் நாணய அளவுக்குச் சுரண்டுவது நானும் சித்தப்பாவும், கருவி வைப்பது வாடகைக்கு வந்த டெக்னீஷியன், நோட்டில் எழுதுவது அக்கா மகள். இரண்டு நாள் வேலை. அவள் எழுதிய பக்கங்கள்தான் எங்கள் வீட்டுச் சண்டையை முடித்துவைத்தன. 163 இடத்தில் 4.3 மில்லிமீட்டருக்கு மேல். 38 இடத்தில் 3.75-க்கும் 4.3-க்கும் இடையே. 19 இடத்தில்தான் அதற்குக் கீழே. அந்த 19-இல் 14 எஞ்சினுக்கு அடியில், மீதி 5 சுக்கானை ஒட்டி. அவ்வளவு அசிங்கமாகத் தெரிந்த பக்கத் தகடு எங்கும் 3.5-க்குக் குறையவில்லை.

3.75 என்ற கோடு எங்கிருந்து வந்தது என்றால், முதல் தடிமனில் கால் பங்குக்கு மேல் கரைந்துவிட்டால் தகட்டை மாற்ற வேண்டும் என்பது கப்பல் பழுதுபார்க்கும் இடங்களில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 5-இல் கால் பங்கு போனால் 3.75.

கருவி மட்டும் போதாது என்று அப்பா முனைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் படுத்தார். நல்ல தகடு மணி மாதிரி 'டங்' என்றது. எஞ்சின் படுகைக்கு நேர் கீழே போனதும் சத்தம் 'டப்' என்று இறங்கியது. "இங்க உயிரில்லடா" என்று அதே இடத்தில் இன்னொரு தட்டுத் தட்டினார். சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. துளையைச் சுற்றிக் கறுப்பாக மை போன்ற பசை, அழுகின முட்டை நாற்றம். துடைத்துப் பார்த்தால் அடியில் குழி பளபளவென்று வெள்ளி மாதிரி. காற்றில்லாத சாக்கடைச் சேற்றில் வாழும் பாக்டீரியா அரித்தால் இந்த மூன்று அடையாளமும் சேர்ந்து வரும். கழிவுநீர் கலக்கும் கழிமுகத்தில் கிடந்த எந்தப் படகிலும் இதைத் தேடிப் பாருங்கள். இது மெல்ல மெல்லப் பரவலாகக் கரைக்காது. ஒரே இடத்தில் குழிபறிக்கும். கட்டம் போட்டு அளந்தாலும் இரண்டு புள்ளிக்கு நடுவில் தப்பிவிடலாம். சுத்தியல் அதற்காகத்தான்.

வெட்டி மாற்றுவதும் ஒட்டுத் தகடும்

இந்த இரண்டுக்கும் நடுவேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். நாங்களும் தடுமாறி, ஒரு தப்பும் செய்தோம்.

ஒட்டுத் தகடு என்றால் கரைந்த தகட்டை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் புதுத் தகட்டை வைத்து ஓரம் சுற்றி வெல்டிங் அடிப்பது. உள்ளே எதையும் கழற்ற வேண்டாம், ஒரு வாரத்தில் முடியும். வாங்கிய புதிதில், அளப்பதற்கு முன்னாலேயே, சுக்கான் பக்கம் தெரிந்த ஓர் ஓட்டைக்கு 60-க்கு 40 சென்டிமீட்டரில் ஒரு பட்டறையில் சொல்லி இப்படிப் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வெல்டிங் ஓரத்தில் இரண்டு இடத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்து கோடு இறங்கியிருந்தது. வெட்டிப் பிரித்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரச் செதில் அப்பளம் அப்பளமாக. துருவைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மேலே மூடியிருக்கிறார்கள். சுத்தம் செய்திருந்தாலும் அந்த இடைவெளிக்குள் பிறகு யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது, பார்க்கவும் முடியாது. ஓரத்தில் ஊசித் துளை ஒன்று இருந்தால் போதும், உப்புநீர் உள்ளே போய் அங்கேயே குடியிருக்கும்.

ஒட்டுத் தகட்டின் மேல் இன்னொரு நம்பிக்கை, அது மலிவு என்பது. தகடு மாற்றும் வேலைக்குப் பட்டறைகளில் கிலோ கணக்கில்தான் கூலி பேசுவார்கள். ஒட்டுக்கும் அதே கிலோதான். மிச்சமாவது பழைய தகட்டை வெட்டியெடுக்கும் கூலியும் உள்ளே கழற்றிப் பூட்டும் கூலியும் மட்டும். அதோடு, மேலே ஏற்றிய எடை படகோடு நிரந்தரமாகத் தங்கும். 4 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல். 10 சதுர மீட்டருக்கு ஒட்டினால் 314 கிலோ. எங்கள் லாஞ்சு தண்ணீரில் 2 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். நாலு பேரை எப்போதும் ஏற்றிக்கொண்டே திரிவது மாதிரி.

சித்தப்பா ஒட்டுக்காகக் கடைசி வரை வாதாடினார். அவர் கேட்டதில் ஓர் உண்மை இருக்கிறது: கடலில் இருக்கும்போது ஓட்டை விழுந்தால் கரை சேர ஒட்டுத்தான் வழி. அந்த அளவுக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் நிலத்தில் நிறுத்தி, நேரம் எடுத்து, பிள்ளைகளை ஏற்றப்போகும் படகுக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

வெட்டி மாற்றுவது வேறு மாதிரியான வேலை. எங்களுக்கு மாற்ற வேண்டியிருந்த 19 புள்ளிகளின் பரப்பு 2 சதுர மீட்டருக்கும் குறைவு. ஆனால் நல்ல இரும்பு வரும் வரைக்கும் பிரேம்களுக்கு நடுவாக வெட்ட வேண்டும் என்பதால் 4 சதுர மீட்டர் ஆனது. 5 மில்லிமீட்டர் தகட்டில் 157 கிலோ. முழு அடித்தகட்டையும் மாற்றியிருந்தால் 785 கிலோ. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரம்தான் அந்த 220 புள்ளிகளை அளந்ததற்குக் கிடைத்த வரவு.

சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்த வெல்டிங் மேஸ்திரி சொன்ன நாலைந்து விஷயங்களை நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்டும் துண்டின் மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். செங்கோண மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். 7018 என்ற வகை வெல்டிங் ராடு போடுவதானால் அதை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சூடாக வைத்து எடுக்க வேண்டும். சென்னைக் காற்றில் திறந்து கிடந்த பாக்கெட் ஈரம் குடித்திருக்கும், வெல்டிங்குக்குள் நுண்துளையும் விரிசலும் வரும். ஒரே மூச்சில் நீளமாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு சாண், எதிர்ப்பக்கம் ஒரு சாண் என்று மாற்றி மாற்றி அடித்தால்தான் தகடு நெளியாது. வெல்டிங் தொடங்குமுன் உட்புறத்தில் டீசல், பழைய துணி, தெர்மோகோல் எதுவும் இருக்கக் கூடாது. தகட்டின் அந்தப் பக்கம்தான் முதலில் பற்றும்.

வெல்டிங் முடிந்ததும் அவரே செய்துகாட்டிய சோதனை என் பையனுக்கு இன்னும் மறக்கவில்லை. வெல்டிங் கோட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டார். உள்பக்கம் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஒற்றினார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, இரும்பே சொல்லும்" என்று டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது பிரேமுக்குப் பக்கத்தில் கடுகளவுக்கு ஈரப்பொட்டு ஒன்று தோன்றியது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மிளகளவு ஆனது. பையன் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தான். அந்த இடத்தைக் கிரைண்டரில் தோண்டி மறுபடி அடித்தார். இரண்டாவது தடவை வெள்ளையாகவே இருந்தது.

அடித்தகட்டுக்கு மேல் ஃபைபர் அடித்து மூடிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். மரத்துக்கு அது ஓரளவு கைகொடுக்கும். இரும்பு வெயிலில் விரிந்து சுருங்கும் அளவு வேறு, ஃபைபருடையது வேறு. பிடி விட்டுப்போய் நடுவில் நீர் தங்கும். ஒட்டுத் தகட்டில் பார்த்த அதே கதைதான். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

குடும்பம் கைவைக்கக்கூடிய வேலை எது?

குடும்பமாகச் செய்கிறோம் என்று இறங்கினால், 'எந்த வழி மலிவு' என்பதைவிட இந்தக் கேள்விதான் பெரிது. தகடு வெட்டுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே வெல்டிங் அடிப்பதும் தொழில் தெரிந்தவர் வேலை. அதில் நாங்கள் விரல் வைக்கவில்லை. துரு அகற்றுவதிலும் பெயிண்டிலும்தான் தேர்வு இருக்கிறது.

கிரிட் பிளாஸ்டிங் என்றால் கம்ப்ரெசர் வைத்துத் துகளைப் பாய்ச்சி இரும்பை வெள்ளையாக்குவது. இன்னொரு வழி சிப்பிங் சுத்தியல், கிரைண்டர், கம்பி பிரஷ் வைத்துக் கையால் தட்டுவது. உள்ளும் புறமும் மேல்தளமும் சேர்த்து எங்களுக்கு 95 சதுர மீட்டர் வரும். நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தட்டி முடித்தது ஒன்றரை சதுர மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு வருடத்துக்கும் மேல். பிளாஸ்டிங் ஆட்கள் வெளிப்புறம் முழுவதையும் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். பெயிண்ட் எத்தனை வருடம் நிற்கும் என்பது டப்பாவின் விலையைவிட இந்தச் சுத்தத்தைப் பொறுத்தது. அதனால் வெளிப்புறத்துக்குப் பிளாஸ்டிங், உட்புறத்துக்கு எங்கள் கை என்று பிரித்துக்கொண்டோம். உட்புறத்தில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளலாம், வருடா வருடம் திருத்தலாம்; வெளி அடிப்புறம் தண்ணீருக்குள் போய்விட்டால் மறுபடி கரையேறும் வரை தொட முடியாது. ஆற்று மணலை வைத்து அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மணல் தூசு நுரையீரலில் சிலிகோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும். அடிக்கிறவருக்கும் ஆபத்து, பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

எங்களுடையது போல எண்ணெய் பட்ட படகு என்றால் முதலில் சோப்புக் கரைசல் போட்டுக் கழுவி எண்ணெயை எடுத்துவிடுங்கள். அப்படியே கிரைண்டர் பிடித்தால் எண்ணெய் சுற்றிலும் பரவி, பெயிண்ட் எங்குமே பிடிக்காது.

பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயம். பழைய இரும்புப் படகில் அடிப்பூச்சாக ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு பெயிண்ட் பெரும்பாலும் இருக்கும். அது ரெட் லெட், அதாவது ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டுப் பூச்சுகளுக்கானது. உங்கள் படகில் முப்பது வருடத்துக்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் கிரைண்டர் போடாமல் ஈரப்படுத்திச் சுரண்டுவது, கீழே தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளுவது, தூசு வடிகட்டும் நல்ல மாஸ்க், அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பது. பழைய பெயிண்டைச் சுரண்டிய நான்கு மாதமும் பிள்ளைகளை நிலத்துக்கே கூட்டிப்போகவில்லை. அக்கா மகள் கோபித்துக்கொண்டாள். கட்டம் போட்டதும் எழுதியதும் அவள்தானே. ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும், கொஞ்சம் பட்டாலும் போதும் என்று உட்கார வைத்துச் சொன்ன பிறகு புரிந்துகொண்டாள்.

இரண்டாவது, மூடிய அறை. லாஞ்சின் அணியத்தில் (முன்பகுதியில்) போல்ட் போட்டு மூடிய அறை ஒன்று இருந்தது. நான் மூடியைத் திறந்து டார்ச்சோடு குனிந்தபோது அப்பா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "பூட்டிக் கிடந்த இரும்பு அறைக்குள்ள தலையை விடாதே. உள்ள இருக்கற காத்தைத் துரு தின்னுருக்கும்." துருப்பிடிப்பது என்றாலே இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதுதான். வருடக்கணக்காகக் காற்றோட்டமில்லாமல் துருப்பிடித்த அறையில், 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் மூச்சுக்குப் போதாத அளவுக்கு இறங்கியிருக்கும். எந்த நாற்றமும் வராது. இறங்கியவர் அப்படியே மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். ஒரு நாள் முழுக்க புளோயர் வைத்துக் காற்றை ஓட்டி, கருவியால் அளந்த பிறகுதான் இறங்கினோம்.

பெயிண்டில் சென்னைக்கென்று இரண்டு தொல்லை. ஒன்று பனி. தகட்டின் சூடு பனிநிலைப் புள்ளியைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தை மாதம் காலை ஏழு மணிக்குத் தகட்டைத் தொட்டால் கை நனையும். ஒன்பதரைக்கு மேல் தொடங்கி மூன்றுக்குள் முடித்துவிடுவோம். பிளாஸ்டிங் அடித்த இரும்பு இந்த ஊர்க் காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மை பூக்கும் என்பதால் முதல் கோட்டு பெயிண்ட் எப்போதும் அன்றைக்கே. இரண்டாவது தொல்லை தண்ணீர். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் உப்பை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பைப் பூசியது போலத்தான். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரும் ஆகாது, அதில் உப்பு இன்னும் கூடுதல். லாரித் தண்ணீரும், மொட்டை மாடியில் பிடித்த மழைநீருமாகச் சமாளிக்கிறோம்.

அளவு கேட்பவர்களுக்கு: திடப்பொருள் 80 சதவீதம் உள்ள எபாக்ஸி பெயிண்டை 125 மைக்ரான் தடிமனில் அடித்தால் லிட்டருக்கு 6.4 சதுர மீட்டர் வரும். எங்கள் 20 சதுர மீட்டர் அடிப்புறத்துக்கு மூன்று கோட்டு, சேதாரம் சேர்த்து, 13 லிட்டர். பாசி பிடிக்காமலிருக்கச் செம்பு கலந்த பூச்சு அடிப்பதானால் அது வெறும் இரும்பை நேராகத் தொடவே கூடாது. செம்பு பட்ட இடத்தில் இரும்பு வேகமாக அரித்துப்போகும்.

கரையில் நிறுத்துவது

அக்காவின் யோசனையை முதலில் நான் லேசாக எடுத்துக்கொண்டேன். அது தப்பு. அடித்தகட்டில் பாதிக்கு மேல் போய்விட்ட படகுக்கு இதுதான் மரியாதையான வழி. வெல்டிங் குறைவு, எஞ்சின் வேண்டாம், பதிவு வேண்டாம். ஞாயிறு தவறினாலும் படகு முழுகிவிடாது.

ஆனால் கரையில் நின்றால் துரு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி வடிய வழியில்லாமல் நிற்கும். அடியில் இரண்டு வடிகால் துளை போட்டு, மண்ணைத் தொடாமல் கான்கிரீட் தாங்கியில் ஏற்றி, ஒவ்வொரு பிரேமுக்கு அடியிலும் தண்ணீர் வடிந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மேமாத வெயிலில் 4 மில்லிமீட்டர் தகட்டுக்குள் பிள்ளைகள் பகலில் உட்கார முடியாது. உட்புறம் தெர்மோகோல் அடித்தால் நெருப்பு அபாயம், தகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஈரம். மேலே கீற்றுப் பந்தல் போடுவதுதான் நல்லது. நிலம் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் வருகிறதா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

எங்களுக்கு இது ஒத்துவராததற்கு ஒரே காரணம்தான். அப்பாவுக்கு 74 வயது. அவர் தண்ணீருக்காகத்தான் தினமும் பேருந்து ஏறி மீஞ்சூர் வருகிறார்.

எடைக்குப் போட்டு ஃபைபர் வாங்குவது

சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்கக் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. துருப்பிடிக்காது, எடை குறைவு, நாலு பேர் சேர்ந்து மணலில் இழுத்துவிடலாம், ஓட்டை விழுந்தால் ஒரு மாலையில் அடைத்துவிடலாம். உங்கள் ஆசை தண்ணீரில் போவது மட்டும்தான் என்றால், படகைப் பிரித்துப் பூட்டும் வேலை அல்ல என்றால், தயங்காமல் இதைச் செய்யுங்கள். பணத்திலும் காலத்திலும் இதை எந்தப் புதுப்பிப்பும் வெல்லாது. என் மனைவி சொன்னது கணக்குப்படி சரி என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

இரும்பின் பக்கம் எங்களைச் சாய்த்தது, அதன் எந்தப் பாகத்தையும் வெட்டி அதே இரும்பால் மாற்றிவிடலாம் என்பதுதான். தரை தட்டினால் நெளியும், உடைந்து சிதறாது. அப்பா அறிந்த உலோகம் அது. அவர் தட்டிக் காதால் கண்டுபிடித்ததை என் பையன் ஃபைபரில் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

எங்கே வைத்துச் செய்வது

காசிமேடு ஸ்லிப்வே (படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் சரிவுமேடை) என்றால் மேஸ்திரி, கிரேன், லேத், சாமான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அத்தனை விசைப்படகும் பழுதுபார்க்கக் கரையேறும். அது அவர்கள் பிழைப்பு. அந்த நேரத்தில் நம் குடும்பப் படகுக்கு ஆளும் கிடைக்காது, கேட்பதும் முறையல்ல. ஜூன் 15-க்குப் பிறகு ஸ்லிப்வே காலியாகும், மேஸ்திரிகளும் நிதானமாகப் பேசுவார்கள். அங்கே நாள் வாடகை ஓடும் என்பதால் ஞாயிறு மட்டும் வேலை செய்கிற குடும்பத்துக்கு அது கட்டாது. சொந்த நிலத்தில் துரு வேலையும் பெயிண்டும், கடைசியில் தண்ணீரில் இறக்குவதற்கு மட்டும் துறைமுகம் என்பதே எங்கள் ஏற்பாடு. வெல்டிங்குக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கினோம்.

எஞ்சினுக்கு அதிகம் யோசிக்கவில்லை. பழைய லேலண்டுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் சாமான் கிடைக்கிறது, அதைத் திருத்தவும் ஆள் இருக்கிறார்கள். புதிது வாங்கும் காசு தகட்டுக்கும் பெயிண்டுக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டோம். காகிதத்தில்தான் கவனம் வேண்டும். உள்நாட்டு நீர்நிலையில் எஞ்சின் வைத்து ஓடும் கலனுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் உண்டு. பழைய உரிமையாளரின் காகிதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பக்கிங்காம் கால்வாயில் ஓட்டலாம் என்ற கனவு பலருக்கும் வரும், எனக்கும் வந்தது. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன, வழி இல்லை. பழவேற்காட்டுப் பக்கம்தான் எங்கள் நோக்கம். அங்கே மழைக்காலத்தில் நீர் நன்னீராகிவிடும், கோடையில் கரிக்கும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று கடல் படகில் மாட்டும் ஜிங்க் கட்டை நன்னீரில் மேலே படலம் பிடித்துத் தூங்கிவிடும்; அங்கே அலுமினியக் கட்டை மாட்டுவது நல்லது. 2011 டிசம்பர் 25 அன்று அதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதனால் கூரைக்கு மேல் உட்காரும் தளம் வைக்கலாம் என்ற சித்தப்பாவின் யோசனையை வரைபடத்திலேயே அடித்துவிட்டோம். உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகைச் சாய்க்கப் பார்க்கும். உயிர்காப்பு ஜாக்கெட் எட்டு வாங்கி வைத்திருக்கிறோம். எட்டுக்கு மேல் ஆள் ஏறுவதில்லை என்று இப்போதே பேசியாகிவிட்டது.

போன ஞாயிறு ஒன்பதாவது பிரேமிலிருந்து பன்னிரண்டாவது வரை உட்புறம் இரண்டாம் கோட்டு முடிந்தது. சித்தப்பா வடிகால் துளை ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்து, அடைபட்டிருந்த ஒன்றைக் கம்பியால் குத்தித் திறந்தார். அக்கா மகள் தன் பழைய நோட்டை எடுத்துவந்து, மாற்றிய தகடுகளின் மேல் மறுபடி சாக்பீஸ் கட்டம் போட்டிருக்கிறாள். புது எண்கள் எழுத ஒரு பத்தியைக் காலியாக விட்டிருக்கிறாள்.